அக்காவும் ஒற்றைக் குழலும்

அந்த வருடம் முழுக்க என் ஸ்கூட்டரில் இரண்டு ஜெபம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் அக்கா, துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வருவாள். முன்னால் வண்டி ஓட்டிய நான், கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போவேன். இரண்டும் போய்ச் சேர்ந்தது ஒரே ஆண்டவரிடம். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. திருமங்கலத்துக்கு மேற்கே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து கண்மாய்க் கரையோடு உள்ளே போனால் அவளுடைய காடு. காடு என்றால் மரம் செடி கொடி என்று நினைத்துவிட வேண்டாம். மக்காச்சோளமும் கடலையும் போடுகிற மானாவாரி நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதற்கு நடுவில் ஓட்டு வீடு. அக்காவும் மச்சானும் அங்கேதான் இருந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்து அவள் பெங்களூர் போய்விட்டாள். மச்சான் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். அக்காவிடம் யாரும் அதைச் சொல்லிவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

மச்சானிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த, ஒற்றைக் குழல் துப்பாக்கி. தோட்டா போடுகிற ஜாதி இல்லை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் கெட்டித்து, பின்பக்கம் பொட்டு வெடி மாதிரி ஒரு சின்னக் 'கேப்' செருகிச் சுட வேண்டும். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தில் காட்டுப் பன்றி குடும்பம் குடும்பமாக இருக்கிறது. பொழுது சாய்ந்தால் மக்காச்சோளத்துக்குள் இறங்கிவிடும். தின்பது கொஞ்சம், சாய்ப்பது எக்கச்சக்கம். அதைச் சுட்டுக் கொல்ல விவசாயிக்கு அனுமதி கிடையாது. அது வனத்துறை பார்க்க வேண்டிய சங்கதி. மச்சானும் கொன்றதில்லை. வெறும் மருந்தை மட்டும் கெட்டித்து, பொழுது சாயும் நேரத்தில் வானத்தைப் பார்த்து ஒன்று விடுவார். பன்றிகள் அன்றைக்கு வேறு காடு பார்த்துப் போய்விடும். அம்புட்டுத்தான் அந்தத் துப்பாக்கியின் வீரம்.

அவர் போனதும் அவருடைய லைசென்ஸும் முடிந்துபோனது. ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னோம், வந்து துப்பாக்கியை எடுத்துப் போய் ரசீது கொடுத்தார்கள். அடக்கம் முடிந்து அக்காவை நான் திருநகருக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி முன்னறையைக் கழுவிவிட்டு, கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டு, "மதினி, இனிமே இதுதான் உங்க ரூம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

என் அக்கா யாரென்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, காதைத் திருகிப் பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அக்காதான். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "இவனுக்கு ரசத்துல உப்பு கொறஞ்சா மூஞ்சி தூக்கிக்குவான், பாத்துக்க" என்று கல்யாணத்துக்கு முன்பே என் மனைவியிடம் சொன்னவள். அப்படிப்பட்டவள், எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கேட்க ஆரம்பித்தாள். "ஃபேன் போடவா தம்பி?" "இந்தத் தட்டுல சாப்பிடவா?" ஒருநாள் நான் பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நாற்காலியில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். ஏன் லைட்டைப் போடவில்லை என்றேன். "எது சுவிட்சுன்னு தெரியல, எதையாச்சும் அமுக்கிப்புட்டா?" என்றாள். ட்ராக்டர் ஓட்டத் தெரிந்த மனுஷி. ஆனாலும் பழகிவிடும், பழகிவிடும் என்றே இருந்தேன்.

அவள் பழகவில்லை. விதைப்பு நேரம் வந்ததும் காட்டுக்குத் திரும்பிவிட்டாள். சோளம் கதிர் வைத்தபோது பன்றி இறங்கியது. தகரத்தைத் தட்டினாள். வேலியில் பழைய சேலைகளைக் கட்டினாள். யாரோ சொன்னார்கள் என்று நாய் குரைக்கிற சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டாள். பன்றிகள் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டன.

விஷயம் பெங்களூருக்குப் போனது. மகள் போனில் அழுதாள். "அம்மா, ஒத்தையில இருந்தது போதும். காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வா. இல்லையா, மாமா வீட்டுலயாச்சும் இரு" என்றாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்க வைத்துக்கொண்டு ஒரு கணக்குச் சொன்னாள்.

"உங்க அப்பா துப்பாக்கி ஸ்டேஷன்ல கெடக்கு. அதை என் பேருக்குக் குடுத்துட்டா நான் இங்கயே இருப்பேன். குடுக்க முடியாதுன்னு எழுதிட்டாங்கன்னா, அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு ஒன் மாமா வீட்டுக்கு வந்துர்றேன். அப்பறம் யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன்."

மகள் உடனே சரி என்றாள். அறுபது வயசுப் பொம்பளைக்கு எவன் துப்பாக்கி கொடுப்பான் என்ற நம்பிக்கை அவளுக்கு. எனக்கும் அதே நம்பிக்கைதான். அதனால்தான் அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாகக் கொண்டுபோய் விட எனக்குக் கஷ்டமாக இல்லை. எப்படியும் வீட்டுக்குத்தானே வரப்போகிறாள் என்று சந்தோஷமாகவே ஓட்டினேன்.

"வெடி போட வேண்டியதுதானக்கா? அதுக்கு லைசென்ஸ் வேணாமே" என்று ஒருநாள் வழியில் கேட்டேன்.

"வெடியப் பத்த வச்சா நாமதான் மொதல்ல ஓடணும்" என்றாள். "இதுன்னா பிடிச்சுக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்கலாம்."

ஆபீஸ்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வி.ஏ.ஓ., தாலுகா, கலெக்டர் ஆபீஸ், போலீஸ் என்று போகிற பாதை நீளமானதே தவிர, துப்பாக்கி விஷயத்தில் அது நீளமாக இருப்பதுதான் நியாயம். ஆனால் எந்த மேஜைக்குப் போனாலும் அங்கிருப்பவர் காகிதத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "எங்க சார் காட்டுல இருக்கீங்க?" என்பார். "அவன் வாத்தியார். வண்டி ஓட்ட வந்திருக்கான். லைசென்ஸ் எனக்கு" என்பாள் அக்கா. மச்சானின் வாரிசு அவளும் மகளும்தான். மகள் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள், கிடைக்காது என்ற தைரியத்தில்.

தமிழ் வாத்தியாரான எனக்கு அந்தத் துப்பாக்கியின் தமிழ்தான் பிடித்துப்போனது. அதன் வெடித்தூளுக்கு மருந்து என்று பெயர். ஈயக் குண்டுக்கு ரவை. பின்பக்கம் சுத்தியல் மாதிரி வந்து விழுகிற பாகத்துக்குக் குதிரை. ஒரு மருந்துக் கடையும் ஒரு மளிகைக் கடையும் ஒரு குதிரை லாயமும் சேர்ந்தால் ஒரு துப்பாக்கி என்று வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதே தமிழ் எங்கள் காலை வாரிவிடும் என்று அப்போது தெரியாது.

போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். அக்காவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, நிலம் எவ்வளவு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யாருடனாவது தகராறு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா பளிச் பளிச்சென்று பதில் சொன்னாள். அடுத்து அவர் கேட்டார்.

"மருந்து எங்கம்மா வைப்பீங்க?"

"ஃப்ரிட்ஜுக்கு மேல சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "ஃப்ரிட்ஜுக்கு மேலயா?"

"ஆமா சார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ராத்திரி சில சமயம் மறந்துருவேன்."

பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் இடையில் விழுந்து, "அக்கா, அவர் துப்பாக்கி மருந்தைக் கேக்குறார்" என்றேன். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்தவர் சும்மா விடவில்லை.

"சரிம்மா, ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கறது எதுக்கு?"

"பிரஷருக்கு ஒண்ணு. சுகருக்கு ஒண்ணு."

"மயக்கம் கியக்கம் வருமா?"

"மாத்திரை மறந்தா வரும்" என்றாள் அக்கா. பொய் சொல்லத் தெரியாதது எங்கள் குடும்பத்து வியாதி.

அவர் எழுதிக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் உடல்தகுதிச் சான்று வாங்கி வரச் சொன்னார். தானே ஒருநாள் காட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார். கடைசியாக என் பக்கம் திரும்பி, "தம்பி பேருல போடலாமே சார், ஒண்ணும் தப்பில்ல" என்றார். எனக்குக் காட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது என்று சொல்லித் தப்பித்தேன்.

திரும்பி வரும் வழியில் திருமங்கலம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். அக்கா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நானே என் வாயால கெடுத்துக்கிட்டேன்ல தம்பி?" என்றாள். ஆமாம் என்றுதான் நானும் நினைத்தேன். என் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை, பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவள் விட்டுவிடவில்லை. அன்றிலிருந்து மாத்திரையை மறக்கவில்லை. மருந்துச் சீட்டில் போட்டிருந்த நடைப்பயிற்சியை முதல்முறையாகச் செய்தாள், கண்மாய்க் கரையில் பன்றித் தடத்தின் மேலேயே. ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்து, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றும் வேண்டும் என்பதால் நகரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு ரைஃபிள் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த முன்னாள் ராணுவக்காரர் எல்லாப் பெண்களையும் மேடம் என்பார். அக்காவை யாரும் அதுவரை மேடம் என்று கூப்பிட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

முதலில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது சுடுவது அல்ல. கையில் வாங்கியதும் குழலுக்குள் கம்பியை விட்டு, உள்ளே ஏதாவது கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது. வெறும் துப்பாக்கி என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாமல் பார்ப்பது. யார் பக்கமும் குழலைத் திருப்பாமல் இருப்பது. "சோத்துப் பானையில கரண்டிய விட்டுப் பாக்குற மாதிரிதான" என்றாள் அக்கா. பயிற்சி கொடுத்தவர், "கரெக்ட் மேடம்" என்றார். முதல் தடவை சுட்டபோது தோளில் உதை வாங்கிப் பின்னால் ஒரு அடி வைத்தாள். புகை விலகியதும் என்னைத் தேடினாள். நான் அவ்வளவு தூரம் தள்ளிப் போய் நின்றிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மச்சான் போன பிறகு அந்த முகத்தில் பல் தெரிந்தது அன்றைக்குத்தான். அந்த வாரம் என் ஜெபம் கொஞ்சம் சுருதி குறைந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் சொன்னபடியே ஒரு பிற்பகல் காட்டுக்கு வந்தார். நானும் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். பன்றி சாய்த்த சோளத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மருந்து எங்கம்மா வைப்பீங்க?" என்றார்.

"எந்த மருந்துன்னு மொதல்ல சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

இரண்டையும் காட்டினாள். மாத்திரை ஃப்ரிட்ஜுக்கு மேல் பாட்டிலில். துப்பாக்கிக்கு உள்ளறைச் சுவரோடு பதித்த இரும்பு அலமாரி, பூட்டோடு. மருந்துக்கு அடுப்படியிலிருந்து விலகின இடத்தில், ஈரம் ஏறாமல், தனிப் பெட்டி, தனிப் பூட்டு. சாவி இரண்டும் தாலிச் சங்கிலி இருந்த இடத்தில், ஒரு கறுப்புக் கயிற்றில். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அக்கா டீ போட உள்ளே போனாள்.

அவள் போனதும் அவர் என்னை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காகிதம் எல்லாம் சரியா இருக்கு சார். இருந்தாலும் ஒத்தையில இருக்காங்க, வயசாகுது, சுகர் வேற. எனக்கு யோசனையா இருக்கு. நீங்க கூடப் பொறந்தவர், வாத்தியார் வேற. உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க. இவங்க கையில குடுக்கலாமா? வேணாம்னா நான் அதுக்குத் தக்கபடி எழுதிர்றேன். அவங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல."

நான் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் கையில் வந்து விழுந்தது. ஒரு வார்த்தை. வயசாகிறது சார், யோசியுங்கள் என்று சொன்னால் போதும். முன்னறைக் கட்டில் தயாராக இருக்கிறது. அவளுக்குத் தெரியவும் வராது. காலையில் அவளோடு காபி குடிக்கலாம். மாத்திரை போட்டாளா என்று நானே பார்த்துக்கொள்ளலாம். அவள் ஒரு ராத்திரி இந்தக் காட்டில் மயங்கி விழுந்து, விடியும்வரை யாருக்கும் தெரியாமல் கிடப்பாளோ என்று நான் தூக்கத்தில் விழித்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு அவள் வேண்டும். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, என் காதைத் திருகின ஆள் இவள் ஒருத்திதான் மிச்சம்.

அப்போது அடுப்படி ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது.

"டேய்! அங்கன என்னடா மரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? சாருக்கு நாக்காலி எடுத்துப் போடு! வாளிய வழியிலயே வச்சிருக்க, அதை நகத்து!"

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் வாளியை நகர்த்தினேன். நகர்த்தும்போதே கண் நிறைந்துவிட்டது. என் வீட்டில் இருட்டில் உட்கார்ந்து சுவிட்சைத் தேடினவள் இவள்தான். இங்கே பெரிய அதிகாரி முன்னால் என்னை டேய் என்கிறாள்.

"குடுங்க சார்" என்றேன். "எங்க அக்கா இங்க இருந்தாத்தான் எங்க அக்காவா இருக்கா."

என் முகத்தைப் பார்க்காமல் இருக்கிற நாகரிகம் இன்ஸ்பெக்டரிடம் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, நல்ல டீம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை நான் மறைக்காமல் சொன்னதும் பெங்களூர்க்காரி போனில், "மாமா, நீங்களுமா?" என்று என்னோடு சண்டை போட்டாள். சொன்ன சொல் என்பதால் அவள் அம்மாவோடு போடவில்லை. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு அக்கா துப்பாக்கியை வாங்கியதும் முதல் வேலையாகக் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தாள். பெண் போலீஸ் இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, நேராகவே சிரித்தார். லைசென்ஸைக் காட்டி டவுனில் மருந்தும் கேப்பும் வாங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி போன் பண்ணினாள். மருந்து வாங்குகிறோம் என்றேன். "யாருக்கு என்னாச்சு?" என்று பதறிவிட்டாள்.

சாமான்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கிளம்பத் தயாரானபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கே சுடப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் தனியாகக் கெட்டிப்பது அதுதான் முதல் தடவை. "இருந்து பாத்துட்டுப் போறேன்க்கா" என்றேன்.

"வேணாம். நீ பக்கத்துல நின்னா, தப்பாப் போச்சுன்னா தம்பி இருக்கான்னு தோணும். நாளைக்கு நீ இருக்க மாட்டேல்ல? ஹைவேல லாரி சாஸ்தியாகுறதுக்குள்ள கெளம்பு. வாரேன்னு சொல்லிட்டுப் போ."

வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கண்மாய்க் கரை வரைக்கும்தான் வர முடிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, வீடு இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மடைப் பக்கம் கொக்குகள் அடைந்துகொண்டிருந்தன. கருவேலத்துக்குள் ஏதோ சரசரவென்று நகர்ந்தது. சத்தம் வரவில்லை. மருந்தைக் கூடக் கொட்டிவிட்டாளோ, கை நடுங்குகிறதோ, மாத்திரை போட்டாளோ என்று என்னென்னவோ ஓடியது. இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்ன வார்த்தை எனக்கே பயமாக இருந்தது. நான்தானே குடுங்க என்றேன். அவளிடமே திரும்பிப் போய்விடலாம் என்று ஸ்டாண்டை எடுத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன்.

டமால் என்று கேட்டது. கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. கருவேலத்துக்குள் இருந்தவை முள்ளை உடைத்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வண்டி சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் இனி என் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

போன் அடித்தது.

"எங்க இருக்க?"

"திருமங்கலம் தாண்டிட்டேன்க்கா."

"பொய் சொல்லாத. கண்மாய்க் கரையில ஒன் வண்டி லைட்டு தெரியுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுக்கா."

"நல்லாக் கேட்டுச்சா?"

"ஊருக்கே கேட்டிருக்கும்."

மறுபக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அப்பச் சரி" என்றாள். "நீ வீட்டுக்குப் போ. நான் கதவச் சாத்தப் போறேன்."